மீனுக்காகவா, வெள்ளத்துக்காகவா? அணை மதகை எப்போது திறப்பது என்ற சண்டை

அணை நிரம்பியது என்று செய்தி வந்தால் பெரும்பாலோருக்கு மகிழ்ச்சி. குடிநீருக்குக் கவலையில்லை, பாசனத்துக்குக் கவலையில்லை, மின்சாரமும் கிடைக்கும். அந்தச் செய்தியைக் கேட்டு வயிற்றில் புளி கரைவது வெள்ளத் தடுப்புக்குப் பொறுப்பான பொறியாளருக்குத்தான். நிரம்பிய அணையால் வெள்ளத்தை நிறுத்த முடியாது. மேலிருந்து வருவதைக் கிட்டத்தட்ட அப்படியே கீழே விட வேண்டியதுதான். வெள்ளம் வரும்போது உதவுவது அணையில் மிச்சமிருக்கும் காலியிடம்.

அணையைச் சுற்றி நடக்கும் சண்டைகளில் பாதி இந்தக் காலியிடம் யாருக்கு என்பதைப் பற்றியது. மீதி, தண்ணீரை எப்போது விடுவது என்பதைப் பற்றியது. “மீனைக் காப்பாற்றப் போய் மனிதரை மூழ்கடித்துவிட்டார்கள்” என்று ஒரு பக்கம் கோபப்படும். “வெள்ளம் வெள்ளம் என்று சொல்லியே ஆற்றைக் கொன்றுவிட்டார்கள்” என்று மறுபக்கம் பதில் சொல்லும். இதில் யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன்னால் அணைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அணைக்குள் அடுக்குகள்

வெளியிலிருந்து பார்த்தால் அணை ஒரே நீர்ப்பரப்பு. இயக்குபவர்களின் கணக்கில் அது அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறது. அடியில் இருப்பது மதகு வழியாக வெளியே எடுக்க முடியாத நீர். வண்டல் சேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். அதற்கு மேலே சேமிப்பு அடுக்கு: குடிநீர், பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து எல்லாம் இதிலிருந்துதான். அதற்கும் மேலே வெள்ளத்துக்கென்று வேண்டுமென்றே காலியாக விட்டுவைத்த இடம். உச்சியில், அணையின் பாதுகாப்புக்காக விட்ட கொஞ்சம் இடைவெளி. அதைத் தொட்டுவிட்டால் கீழே இருப்பவர்களைப் பற்றி யோசிக்க நேரமில்லை, அணையே உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதத்தில் நீர்மட்டம் எவ்வளவு இருக்கலாம், எதைத் தாண்டினால் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு கையேட்டில் எழுதிவைத்திருப்பார்கள். மழைக்காலத்துக்கு முன் மட்டத்தைக் குறை, மழை முடியும் தறுவாயில் நிரப்பு என்பது பொதுவான தாளம். சொல்வதற்கு எளிது. மழை எப்போது முடிகிறது என்பதுதான் எவருக்கும் முன்கூட்டித் தெரியாது.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க நீர் ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் அணைச் செய்திகள் பாதி புரிந்துவிடும். கீழே இரண்டு மூன்று இடத்தில் அது தேவைப்படும்.

ஆறு என்ன கேட்கிறது?

சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஆற்றில் நிறைய தண்ணீர் விடச் சொல்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் அளவைவிட நேரம் முக்கியம்.

அணை இல்லாத ஆறு ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஓடாது. பனி உருகும்போதோ மழை தொடங்கும்போதோ பொங்கும், கோடையில் மெலியும். ஆற்றில் வாழ்பவை இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. நீர் உயர்ந்து வெப்பமும் கூடினால், பல மீன்களுக்கு அது முட்டையிடக் கிளம்பும் நேரம். நீர் வடிந்து மணல் திட்டுகள் வெளியே தெரிந்தால் சில பறவைகள் அங்கே கூடு கட்டும். பொங்கிய நீர் கரை தாண்டிப் பரவும் ஆழமற்ற சமவெளியில் குஞ்சு மீன்களுக்குத் தீனி கிடைக்கும்.

அணை இந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிடுகிறது. வெள்ளத் தடுப்பு என்றாலே அதுதானே! பொங்கும் காலத்தில் பிடித்துவைத்து, மெலியும் காலத்தில் விடுகிறோம். கூடவே வேறு இரண்டு மாற்றங்களும் நடக்கின்றன. ஆழமான அணையின் அடி மதகிலிருந்து வரும் நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும்; வெதுவெதுப்புக்குக் காத்திருக்கும் மீன் காத்துக்கொண்டே இருக்கும். வண்டலெல்லாம் அணைக்குள் தங்கிவிடுவதால் கீழே தெளிந்த நீர் வரும். பார்க்க அழகு, ஆனால் அந்த நீர் ஆற்றுப்படுகையை அரித்துக்கொண்டே போகும். புது மணல் வராததால் திட்டுகள் கரையும், மிஞ்சியவற்றில் செடிகொடி மண்டும்.

இதற்கு மருந்தாக அணையிலிருந்து வேண்டுமென்றே சிறு வெள்ளம் விடுவதுண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணையிலிருந்து 1996 மார்ச்சில் நொடிக்கு 45,000 கன அடி வீதம் ஏழு நாள் திறந்துவிட்டார்கள். படுகையில் கிடந்த மணலைக் கிளப்பிக் கரையோரத்தில் திட்டுகளாகப் படியவைப்பது நோக்கம். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய சுவரிலிருந்தே வெள்ளம் விடுவதா என்று கேட்பவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. கொலராடோவில் பெரிய எதிர்ப்பு இல்லாததற்குக் காரணம், அணைக்குக் கீழே பள்ளத்தாக்கும் பாறையும்தான் இருந்தன. வயலும் வீடும் இருக்கும் ஆற்றில் கதை வேறு.

மிசௌரி: மீன்மேல் பழி விழுந்த கதை

அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் ராணுவப் பொறியாளர் படை ஆறு பெரிய அணைகளை நடத்துகிறது. 1944-ம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தத் தொகுப்புக்கு அடித்தளம். ஆறு அணைகளும் சேர்ந்து சுமார் 3,150 டிஎம்சி பிடிக்கும். அதில் வசந்தகாலத்துக்குள் காலியாக வைத்திருக்க வேண்டியது சுமார் 710 டிஎம்சி. வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, பாசனம், நீர்மின்சாரம், குடிநீர், நீரின் தரம், பொழுதுபோக்கு, மீனும் வனவிலங்கும் என்று எட்டு வேலைகளை அந்த அணைகள் செய்தாக வேண்டும். ஒரு வேலையாளுக்கு எட்டு முதலாளி என்றால் எப்படி இருக்கும்?

இந்த ஆற்றில் வெளிறிய ஸ்டர்ஜன் என்று ஒரு பழங்கால மீன் இருக்கிறது. கலங்கிய நீரில் வாழப் பழகிய, நீண்ட ஆயுள் கொண்ட இனம். அதை 1990-ல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். மணல் திட்டில் கூடு கட்டும் ஒரு சிறிய ஆலாவும் ஓர் உப்புக்கொத்தியும் அதற்கு முன்பே பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அந்நாட்டுச் சட்டப்படி, அரசின் எந்தப் பிரிவும் இப்படிப்பட்ட இனங்களை அழிவின் பக்கம் தள்ளும் வேலையைச் செய்யக் கூடாது. எனவே மீன், வனவிலங்குத் துறை 2000-ம் ஆண்டில் ஒரு கருத்துரை தந்தது: ஆற்றின் இயற்கைத் தாளத்தில் கொஞ்சமாவது திரும்பக் கொடுங்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு 2004-ல் அணைக் கையேடு திருத்தப்பட்டது. 2006-ல் வசந்தகாலச் சிறு வெள்ளமும் அதில் சேர்ந்தது. அதோடு ஆற்றோரத்தில் ஆழமற்ற கிளைக் கால்வாய்கள் வெட்டுவது, கரையை இறுக்கிப் பிடித்திருந்த கல் தடுப்புகளில் இடைவெளி விடுவது போன்ற வேலைகளும் நடந்தன.

அப்புறம் 2011 வந்தது.

அந்த ஆண்டு சமவெளியிலும் மலையிலும் பனி அதிகம். அதுவரைகூடச் சமாளித்திருக்கலாம். மே மாதப் பின்பாதியில் மொன்டானா பக்கம் அடைமழை பிடித்துக்கொண்டது. பனி உருகுவதும் மழைநீரும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த ஆண்டு சூ சிட்டி நகருக்கு மேலேயுள்ள பகுதியிலிருந்து வந்த மொத்த நீர் சுமார் 2,650 டிஎம்சி. வழக்கமான ஆண்டில் வருவது சுமார் 1,100. மே, ஜூன், ஜூலை ஆகிய மூன்று மாதங்களில் வந்ததே வழக்கமான ஓராண்டு நீரைவிட அதிகம். கீழ்க்கோடியிலுள்ள கேவின்ஸ் பாயின்ட் அணையிலிருந்து அதுவரை விட்ட உச்ச அளவு நொடிக்கு 70,000 கன அடி. 2011 ஜூனில் 1,60,000 கன அடி விட்டார்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 14 டிஎம்சி. அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் கிடையாது, வாரக்கணக்கில். கரைகள் உடைந்தன, நெடுஞ்சாலை மூழ்கியது, நெப்ராஸ்காவின் போர்ட் கால்ஹவுன் அணுமின் நிலையத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றது.

மீனுக்காகத் தண்ணீரைப் பிடித்துவைத்ததால்தான் இப்படி ஆனது என்ற பேச்சு உடனே கிளம்பியது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. எண்களை வைத்துப் பார்த்தால் அவ்வளவு பொருந்தவில்லை. மார்ச் மாதச் சிறு வெள்ளம் என்பது நொடிக்குச் சுமார் 5,000 கன அடி கூடுதல் நீர், உச்சத்தில் இரண்டு நாள். அதாவது ஒரு டிஎம்சிக்கும் குறைவு, அது வடியும் நாட்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். வந்த வெள்ளமோ ஆயிரக்கணக்கான டிஎம்சி. பனி உருகும் பருவத்துக்கு முன் 710 டிஎம்சி இடமும் காலியாகவே இருந்தது. அந்த இடம் 1881-ல் வந்த வெள்ளத்தை அளவுகோலாக வைத்துத் திட்டமிட்டது; 2011 அதை மிஞ்சிவிட்டது.

அப்படியானால் விவசாயிகள் வீணாகப் புலம்பினார்களா? இல்லை. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 370-க்கும் மேற்பட்ட நிலவுடைமையாளர்கள் 2014-ல் அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். தங்கள் நிலத்தை அரசு வெள்ளத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது, அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்பது வாதம். 2018 மார்ச்சில் கீழமை நீதிமன்றம் சொன்ன முடிவு இரு தரப்புக்கும் எதிர்பாராதது. 2007, 2008, 2010, 2013, 2014 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தில், ஆற்றை மாற்றியமைத்த அரசின் நடவடிக்கைகளுக்குப் பங்கு உண்டு என்றது. எல்லோரும் பழி சொன்ன 2011-க்கு மட்டும் இல்லை என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

இந்தத் தீர்ப்பில் ஒரு பாடம் இருக்கிறது, அதைச் சூழல் ஆர்வலர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. வாழிடத்துக்காக ஆற்றை மாற்றினால் பெருவெள்ளத்தில் வித்தியாசம் தெரியாது. நடுத்தர வெள்ளத்தில் தெரியும். ஆற்றுமட்டம் கொஞ்சம் உயர்ந்து நீண்ட நாள் நின்றால், கரையை ஒட்டிய தாழ்வான வயலில் நிலத்தடி நீர் மேலே ஏறும், வடிகால் மதகு வேலை செய்யாது, விதைக்க வேண்டிய வாரம் தப்பிப்போகும். தொலைக்காட்சியில் காட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வயல்காரருக்கு ஓராண்டு வருமானம் போய்விட்டது. ஊரார் எல்லோருக்கும் பிடித்த ஒரு மீனுக்கான செலவை ஒருவர் மட்டும் சுமப்பது நியாயமா என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

உண்மையான போட்டி யாரோடு?

என் பார்வையில், வெள்ளத்துக்கான காலியிடத்தோடு நேருக்கு நேர் மோதுவது பெரும்பாலும் மீன் கிடையாது. சேமிப்புதான். வறட்சியில் பட்ட அடியை நினைத்து ஒவ்வொரு சொட்டையும் பிடித்துவைக்க வேண்டும் என்ற ஆசை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு மேலே வைவன்ஹோ அணை இருக்கிறது. 1974-ல் நகரம் மூழ்கிய பிறகு கட்டி முடித்தது. குடிநீருக்காக 41 டிஎம்சி, அதற்கு மேலே வெள்ளத்துக்காக ஏறத்தாழ 51 டிஎம்சி காலியிடம். அங்கே 41 டிஎம்சியைத்தான் நூறு விழுக்காடு என்று கணக்கு வைப்பார்கள். எனவே 2011 ஜனவரியில் அணை 190 விழுக்காட்டுக்குப் போனது என்று செய்தி வந்தபோது பலர் குழம்பிப்போனார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் நீண்ட வறட்சியில் நகரின் அணைகள் 20 விழுக்காட்டுக்கும் கீழே போயிருந்தன. அந்த நினைவு இருக்கும்போது, “பெருமழை வரலாம், குடிநீரைக் கொஞ்சம் கொட்டிவிடுவோம்” என்று எந்த அதிகாரி துணிந்து சொல்வார்? மழை வராவிட்டால் அவர் பாடு அவ்வளவுதான். வெள்ளம் வந்தது, நகரம் மூழ்கியது, அணையை இயக்கிய விதத்தைப் பற்றி வழக்கு வந்தது. 2019-ல் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021-ல் ஒரு பங்கு சமரசத்தில் முடிந்தது. அணையை இயக்கிய நிறுவனத்தின் மேல்முறையீட்டில் மட்டும் தீர்ப்பு தலைகீழானது. கற்றறிந்த நீதிபதிகளே வேறு வேறு முடிவுக்கு வந்த விஷயத்தை, மழை கொட்டும் இரவில் பொறியாளர் சில மணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இதே பிரிஸ்பேனில்தான் 2007-ல், ஆறுகளுக்குத் தேவையான நீரோட்டத்தை உறுதி செய்ய வேண்டும் என்ற சர்வதேசப் பிரகடனம் வெளியானது. தற்செயல்தான், ஆனாலும் ஒரே ஊருக்குள் இரண்டு கவலையும் இருந்திருக்கின்றன.

சில இடங்களில் தீர்ந்திருக்கிறது

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கிரீன் ஆறு அணையில் நடந்தது எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, ஏனென்றால் அதில் வீரதீரம் எதுவுமே இல்லை. குளிர்கால வெள்ளத்துக்கு இடம் வேண்டி இலையுதிர் காலத்தில் அணையின் மட்டத்தைக் குறைப்பார்கள். அந்தச் சமயத்தில் திடீரென வரும் குளிர்ந்த நீர் கீழே இருக்கும் மீனையும் நன்னீர்ச் சிப்பிகளையும் பாதித்தது. 2002-ல் பொறியாளர் படையும் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் உட்கார்ந்து பேசி, நீரை வெளியேற்றுவதைச் சில வாரம் தள்ளிவைத்தார்கள். அதற்குள் அணைநீர் மேலும் கீழும் கலந்து வெப்பம் சமமாகிவிடும். குளிர்கால வெள்ளம் வருவதற்குள் காலியிடமும் தயார். காலண்டரில் செய்த ஒரு சின்ன மாற்றம், அவ்வளவுதான்.

காலண்டரையே கொஞ்சம் ஓரம் வைப்பது அடுத்த வழி. கலிபோர்னியாவின் மென்டசினோ ஏரி அணையில், 2012 டிசம்பர் மழையில் சேர்ந்த நீரைப் பழைய கையேட்டின்படி வெளியேற்றினார்கள். வெள்ளத்துக்கு இடம் வேண்டுமல்லவா? அடுத்து வந்த 2013 கடும் வறட்சி. கொட்டிய நீர் திரும்ப வரவே இல்லை. அதிலிருந்து பிறந்த யோசனை: தேதியைப் பார்த்துத் திறப்பதற்குப் பதிலாக வானிலைக் கணிப்பைப் பார்த்துத் திறந்தால் என்ன? அந்தக் கரையோரத்தில் பெருமழை பெரும்பாலும் கடலிலிருந்து நீளும் ஈரக்காற்றுப் பட்டைகளால் வருகிறது. அவற்றைச் சில நாள் முன்பே கண்டுபிடிக்கலாம். புயல் வருகிறது என்றால் இறக்கு, வரவில்லை என்றால் பிடித்துவை. 2020-ல் இப்படிச் செய்து அரை டிஎம்சிக்குச் சற்றுக் குறைவான நீரைக் கூடுதலாகச் சேமித்தார்கள். சின்ன அணைக்கு அது பெரிய விஷயம். கோடையில் கீழே சால்மன் மீனுக்கு விடவும் அந்த நீர் இருக்கும். ஆனால் இது எல்லா அணைக்கும் பொருந்தாது. கணிப்பு நம்பகமாக இருக்கும் நாட்களுக்குள் அணையை வேண்டிய அளவு இறக்க முடிய வேண்டும். மிசௌரி போன்ற பெரிய அமைப்பில் 710 டிஎம்சியை ஐந்து நாளில் காலி செய்ய முயன்றால் அந்தத் திறப்பே வெள்ளமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் மறந்துவிடும் ஒரு விஷயம் வருகிறது. அணையை எவ்வளவு வேகமாகக் காலி செய்யலாம் என்பதை மதகின் அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கீழே ஆறு எவ்வளவு நீரைக் கரை மீறாமல் தாங்கும் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அணை வந்ததும் பயம் போய்விடும், ஆற்றோரத்தில் வீடுகள் வரும், கரையை நெருக்கிக் கட்டுவார்கள், ஆறு ஒடுங்கும். அப்புறம் முன்கூட்டியே நீர் விடக்கூட வழியிருக்காது. மிதமாகத் திறந்தாலே யாரோ ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் போகும். அணைக்குள் இடம் இருந்து என்ன பயன்?

இதற்கு நேர்மாறாகச் செய்த இடம் கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ நகரை ஒட்டிய யோலோ வெள்ளவழி. ஆற்றை இரு கரைக்குள் அடக்கவே முடியாது என்று நூறு ஆண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டு, சுமார் 59,000 ஏக்கர் தாழ்நிலத்தை வெள்ளத்துக்கென்று ஒதுக்கினார்கள். ஆறு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் பிரிமான்ட் தடுப்பணையின் மேல் தானாகவே வழிந்து அந்த நிலத்துக்குள் பாயும். பெருவெள்ளத்தில் நொடிக்கு 5,00,000 கன அடி வரை அந்த வழியாகப் போகலாம். கோடையில் அங்கே நெல் விளைகிறது. குளிர்காலத்தில் நீர் பரவும்போது சால்மன் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. ஆற்றின் மையத்தில் வளரும் குஞ்சுகளைவிட இந்த வயல் நீரில் வளர்பவை வேகமாகப் பருக்கின்றன என்று 2001-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆழமற்ற, வெதுவெதுப்பான நீர். தின்ன நிறையப் பூச்சி. வெள்ளத் தடுப்புக்காகச் செய்தது மீனுக்கும் வாய்த்தது.

அங்கேயும் சச்சரவு இல்லாமல் இல்லை. ஆறு பொங்காத ஆண்டிலும் குஞ்சுகள் உள்ளே வர வேண்டும் என்று தடுப்பணையில் மதகோடு ஒரு வாய் வெட்டும் வேலை 2022-ல் தொடங்கியது. வயல்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: நிலம் எப்போது காயும்? நெல் விதைக்க உழவேண்டும், ஈரத்தில் டிராக்டர் இறங்காது. பேசிப் பேசி ஒரு தேதியில் நின்றார்கள். நவம்பர் 1-லிருந்து மீனுக்காக மதகைத் திறக்கலாம்; மார்ச் 15-க்குள் மூடிவிட வேண்டும்.